அடைப்பு எத்தனை இடத்தில்?

மலேசியத் தமிழர் வீடுகளில் ஸ்டென்ட் என்றால் இதயம்தான். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கிற சமூகம் நம்முடையது. பெரியப்பாவுக்கோ எதிர்வீட்டு அங்கிளுக்கோ இரண்டு ஸ்டென்ட் வைத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதனால், இரைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்து குடலை அடைத்துவிட்ட ஒருவருக்கு “ஸ்டென்ட் வைத்துப் பார்க்கலாம்” என்று மருத்துவர் சொன்னதும், சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. இதயத்தில் வைத்தவர் சில நாளில் வீட்டுக்கு வந்தார், பிறகு வேலைக்கும் போனார். இவரும் அப்படி எழுந்து நடப்பார் என்று மனம் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கு இங்கே செல்லாது. இதயத் தமனியில் வைக்கும் ஸ்டென்ட் 2.5 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். பலூனை ஊதி அதை விரிப்பார்கள். குடலில் வைப்பது தானே விரிவது. விரிந்து முடிந்தால் 20, 22 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அகலத்தை விடுங்கள், வைக்கும் நோக்கமே வேறு. குடல் ஸ்டென்ட் புற்றுநோயை ஒன்றும் செய்வதில்லை. நெருக்கப்பட்டுப்போன ஓரிடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே அது உதவுமா உதவாதா என்பதைத் தீர்மானிப்பது அடைப்பு இருக்கும் இடமும், அது ஓரிடத்தில் இருக்கிறதா பல இடங்களில் இருக்கிறதா என்பதும்தான். அம்பாங்கில் இருக்கிற குடும்பமானாலும் கிள்ளானில் இருக்கிற குடும்பமானாலும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வியும் இதுவே.

இரைப்பைப் புற்றுநோய் நம் நாட்டில் எல்லாரையும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோ கியான் லீயும் நுண்ணுயிரியல் அறிஞர் ந. பராசக்தியும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை இன வாரியாக ஆராய்ந்தார்கள். இரைப்பைச் சுவரில் குடியிருக்கும் இந்தக் கிருமிதான் இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994ஆம் ஆண்டிலேயே இதை உறுதியான புற்றுக்காரணிகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. ஆய்வில் தெரியவந்தது என்னவென்றால், மலேசிய இந்தியர்களிடமும் சீனர்களிடமும் கிருமி அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. கிளந்தானில் பதிவான விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. அப்படியானால் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் புற்றுநோய் ஒரே அளவில் வர வேண்டும். வருவதில்லை, சீனர்களுக்கே தெளிவாக அதிகம். கிருமி நிறைய இருந்தும் புற்று அந்த அளவுக்கு இல்லாத இந்த நிலையை மருத்துவ உலகம் ‘இந்தியப் புதிர்’ என்கிறது. கிருமியின் வகையா, உணவா, மரபணுவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 

இந்தப் புதிரால் நமக்கு ஒரு தீங்கும் உண்டு. நமக்கு வராது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சென்னைப் பதிவேட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் தகர்ந்துவிடும். அங்கே ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்துவந்தது. இங்கோ, வயிற்றில் எரிச்சல், பசி மந்தம், சாப்பிட்டதும் நெஞ்சு கனப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரிக். மருந்துக்கடையில் வெள்ளை மருந்தை வாங்கிக் குடித்து மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். எண்டோஸ்கோப்பி செய்யும் நாளில் புற்று இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் எட்டியிருக்கும். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தாலும், அப்படி எட்டிய புற்று திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்.

திரும்பி வந்த புற்று குடலை அடைக்கும் விதங்கள் பல. எளிதில் புரிவது, இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைத்த இடத்திலேயே புற்று மறுபடி முளைப்பது. எண்டோஸ்கோப்பியை உள்ளே விட்டதும் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, கணையத்தை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் குடலை வெளியிலிருந்து நசுக்குவது. அறுவையில் குடலை வளையமாக மேலே இழுத்துத் தைத்திருந்தால், பித்தமும் கணையநீரும் வந்து சேரும் பக்கக் கிளை மட்டும் அடைபடுவதும் உண்டு. அப்போது உணவு போகும் வழி திறந்தே இருக்கும். ஆனால் பித்தம் தேங்கி வயிறு வலிக்கும், கண் மஞ்சளாகும், குளிர்காய்ச்சல் வரும். வாந்தி வராவிட்டால் குடல் அடைப்பு என்றே யாருக்கும் தோன்றாது.

மிகவும் தொல்லை தருவது வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் புற்று தூவிக்கொள்வது. இரைப்பைச் சுவரைத் துளைத்த புற்றணுக்கள் உதிர்ந்து, வயிற்றறையில் உள்ள சிறிதளவு நீரோடு நகர்ந்து, பள்ளமான இடங்களில் படிகின்றன. மலக்குடலுக்கு முன்னே இருக்கும் பள்ளம் அதற்கு வாகான இடம். பெண்களின் சினைப்பையிலும் படியும். 1896இல் மருத்துவர் ஃப்ரீட்ரிக் க்ரூகன்பெர்க் விவரித்த சினைப்பைக் கட்டி பிற்பாடு இரைப்பையிலிருந்து வந்த புற்று என்று தெரியவந்தது. சிறுகுடலைத் தாங்கி நிற்கும் மடிப்பின் வேர்ப்பகுதியிலும் குடலின் மேற்பரப்பிலும் படிந்த சின்னஞ்சிறு முடிச்சுகள் வளரும்போது குடல் சுருங்கும், மடியும், ஒன்றோடொன்று ஒட்டும். ஓரிடத்தில் அன்று, ஐந்தாறு இடங்களில். அரிசிமணி அளவே உள்ள இந்த முடிச்சுகளைச் சிடி ஸ்கேன் அடிக்கடி தவறவிடும். “ஸ்கேனில் ஒரே இடத்தில்தான் அடைப்பு என்றார்களே, ஸ்டென்ட் வைத்தும் ஏன் வாந்தி நிற்கவில்லை?” என்ற குழப்பம் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

இன்னொரு கேள்வியும் எல்லா வீட்டிலும் எழும். ஒன்றுமே சாப்பிடாதவருக்கு ஏன் இத்தனை வாந்தி?

நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடல் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. உமிழ்நீர் ஒன்றரை லிட்டர் வரை, இரைப்பை நீர் ஏறத்தாழ 2 லிட்டர், பித்தம், கணையநீர், குடலே சுரப்பது எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 7 லிட்டர். குடிக்கும் நீரையும் கூட்டினால் 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. மலத்தோடு வெளியே போவது ஒரு குவளைக்கும் குறைவு. மீதி அனைத்தையும் குடல் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் வேலையின் பெரும்பங்கு சிறுகுடலில் நடப்பது. அடைப்பு அதற்கு மேலே விழுந்துவிட்டால், சுரந்த நீருக்குப் போக வழியில்லை. வந்த வழியே திரும்புகிறது. அடைப்பு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் வாந்தி வரும், வயிறு அவ்வளவாக உப்பாது. கீழே இறங்க இறங்க வயிறு ஊதும், வாந்தி தாமதமாக வரும், வரும்போது மல வாடை அடிக்கும். இரைப்பை வாயிலிலேயே அடைத்திருந்தால் நேற்று இரவு சாப்பிட்ட சோறு இன்று மாலை அப்படியே வெளியே வரும். அதில் பச்சைப் பித்தம் கலந்திருக்காது. அனுபவமுள்ள தாதியர் வாந்திச் சட்டியைப் பார்த்தே அடைப்பு மேலேயா கீழேயா என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

இப்படி வாந்தியோடு அமிலமும் உப்பும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. இரத்தத்தின் சமநிலை குலைந்து, கைகால் ஓய்ந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் முதல் ஓரிரு நாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தேங்கியதை வடிப்பதும் டிரிப் ஏற்றுவதும்தான் நடக்கும். “இரண்டு நாளாகச் சும்மா வைத்திருக்கிறார்கள்” என்று உறவினர் ஆத்திரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். சும்மா இல்லை. நிறைந்த இரைப்பையோடு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி, அதுவே உயிரைக் குடித்துவிடும்.

அடைப்பை விலக்கும் முயற்சி ஸ்டென்ட்டோடு தொடங்கியதன்று. 1881ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடோர் பில்ரோத், 43 வயதான தெரேசா ஹெல்லருக்கு இரைப்பையின் புற்றுப் பகுதியை வெட்டி எடுத்தார். அந்த அறுவை சிகிச்சையில் முதன்முதலாக உயிர் பிழைத்தவர் அவர். சாப்பிட்டார், தேறினார், வீட்டுக்குப் போனார். நான்கே மாதத்தில் புற்று திரும்பி மறைந்தார். பில்ரோத்தின் வெற்றியைச் சொல்லும் நூல்கள் இந்தப் பின்பகுதியைச் சில வேளை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஆனால் இரைப்பை அறுவையின் வரலாறும் திரும்பி வரும் புற்றின் வரலாறும் ஒரே ஆளிடமிருந்து தொடங்குகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில், பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வுல்ஃப்லர் இன்னொரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். புற்றை எடுக்க முடியாத நிலை. எடுக்காமலே, இரைப்பையை அடைப்புக்குக் கீழே உள்ள சிறுகுடலோடு நேரே தைத்துவிட்டார். புற்று அங்கேயே இருந்தது. உணவு வேறு வழியாக இறங்கியது. இந்த மாற்றுவழி அறுவை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அம்பாங்வாசிகளுக்கு இதைச் சொல்வது எளிது. ஜாலான் அம்பாங் நெரிசலில் சிக்காமல் தலைக்கு மேலே போகிற ஏக்லே மேம்பாலம்தான் வுல்ஃப்லர் செய்தது. ஸ்டென்ட் என்பது நெரிசல் உள்ள சாலையையே அகலப்படுத்துவது. ஆனால் ஒரு சந்திப்பை அகலப்படுத்திவிட்டு, அதற்கு அப்பால் நான்கு சந்திப்புகள் முட்டிக்கொண்டிருந்தால் வண்டி எங்கே போகும்?

அகலப்படுத்துகிற அந்தக் கம்பி வலையின் உலோகத்துக்குத் தனிக் கதை உண்டு. 1959 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் மேரிலாந்து ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர், ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கு உலோகம் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறைய சமமாகக் கலந்த ஒரு கலவை அவர் கையில் சிக்கியது. பிற்பாடு ஒரு கூட்டத்தில், பல மடிப்பாக மடித்த அந்த உலோகப் பட்டையை எல்லாரும் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டேவிட் மஸி என்ற அதிகாரி சுருட்டுக்குழாய் பற்றவைக்கும் லைட்டரை அதன் அடியில் பிடித்தார். பட்டை சட்டென்று நீண்டு தன் பழைய வடிவத்துக்குப் போய்விட்டது. நிட்டினால் என்ற இந்த உலோகத்தின் அணு அடுக்கு இரண்டு விதமாக அமையக்கூடியது. குளிர்ந்த நிலையில் இளகிய அடுக்கு. குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேலே விறைப்பான அடுக்கு. நிக்கல் அளவைத் துளித் துளியாக மாற்றினால் அந்த வெப்பநிலையை உடற்சூட்டுக்கு அருகிலேயே கொண்டுவந்துவிடலாம். ஏவுகணைக்கு அது பயன்பட்டதைவிட மனித உடலுக்குப் பயன்பட்டது அதிகம்.

நிட்டினால் கம்பியால் பின்னிய வலைக்குழாயைக் குறுக்கி, 3.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் உறைக்குள் அடைத்து வைப்பார்கள். நோயாளிக்கு அரைமயக்கம் கொடுத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, குறுகிய இடத்தின் ஊடே மெல்லிய வழிகாட்டிக் கம்பியை முதலில் நுழைக்க வேண்டும். திறமை முழுவதும் இந்த நுழைப்பில்தான் இருக்கிறது. பிறகு எக்ஸ்ரே திரையில் தெரியும் மருந்தைச் செலுத்தி அடைப்பின் நீளத்தை அளப்பார்கள். இரு பக்கமும் சுமார் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும் ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுத்து, கம்பியின் மேலாகத் தள்ளி, உறையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் வலை மலரத் தொடங்கும். அப்போதே முழுதாக விரிந்துவிடாது. ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டுப் பலூன் விட்டு விரித்தால் குடல் கிழியலாம். எல்லாம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வயிற்றில் கத்தி படுவதில்லை.

பொறியாளர்கள் இதில் படும் பாடு ஒன்று உண்டு. ஸ்டென்ட் வெளிப்பக்கம் தள்ளும் விசை வலுவாக இருக்க வேண்டும். இல்லையேல் புற்று நசுக்கிவிடும். ஆனால் வளைந்த குடலுக்குள் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும் விசை குறைவாக இருக்க வேண்டும். இல்லையேல் அதன் முனை குடல் சுவரில் குத்திப் புண்ணாக்கும், துளையும் விழலாம். வலையை வெறுமனே விட்டால் அதன் கண்கள் வழியே புற்று உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கும். அதைத் தடுக்க மேலே மெல்லிய சவ்வு போர்த்தினால், பிடிப்பு இல்லாமல் ஸ்டென்ட் இடம் நழுவிக் கீழே போய்விடும். இரண்டில் ஒரு குறையை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

கைதேர்ந்தவர்கள் செய்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்டென்ட் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆனால் சரியாக உட்கார்ந்தவர் எல்லாரும் சாப்பிட்டுவிடுவதில்லை. அந்த எண்ணிக்கை குறைவு. மருத்துவர்கள் சாப்பிடும் நிலையை 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறார்கள்: ஒன்றும் இறங்கவில்லை என்றால் 0, நீராகாரம் 1, குழைந்த உணவு 2, ஏறக்குறைய வழக்கமான சாப்பாடு 3. ஸ்டென்ட் வைத்தும் 0இலிருந்து நகராதவர்களில் பலருக்கு அடைப்பு கீழேயும் இருக்கும். சிலருக்கு வாரக்கணக்கில் நிரம்பி வீங்கிய இரைப்பை, தள்ளும் வலுவையே இழந்திருக்கும். இன்னும் சிலருக்குப் பாதை நன்றாகத் திறந்திருக்கும், பசிதான் இருக்காது. முற்றிய புற்றுநோய் உடலின் வேதியியலையே மாற்றிப் பசியை அணைத்துவிடுகிறது. கம்பி வலையால் பசியைக் கொண்டுவர முடியாது.

அறுவையா ஸ்டென்ட்டா என்று நெதர்லாந்தில் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முடிவு 2010இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், 39 பேர். ஸ்டென்ட் வைத்தவர்கள் நடுமதிப்பாக 5 நாளில் குழைந்த உணவு சாப்பிட்டார்கள், மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு 8 நாள் ஆனது. ஆனால் அப்படிச் சாப்பிட முடிந்த காலம் அறுவை செய்தவர்களுக்கு 72 நாள், ஸ்டென்ட்டுக்கு 50 நாள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயுள் எதிர்பார்க்கக்கூடியவருக்கு அறுவை, அதற்குக் குறைவானவருக்கு ஸ்டென்ட் என்ற பொது விதி இங்கிருந்து வலுப்பெற்றது. ஏற்கெனவே இரைப்பையை வெட்டியவருக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. பழைய அறுவையின் ஒட்டுதல்களுக்கு நடுவே இரண்டாம் முறை வயிற்றைத் திறப்பது கடினம், புண் ஆறுவதும் கடினம். தராசு ஸ்டென்ட் பக்கம் சாயும்.

இப்போது மூன்றாவது வழி ஒன்றும் வந்திருக்கிறது. எண்டோஸ்கோப்பின் நுனியில் உள்ள ஸ்கேன் கருவியால் பார்த்துக்கொண்டே, இரைப்பையிலிருந்து பக்கத்துச் சிறுகுடலுக்கு அகன்ற விளிம்புள்ள குட்டை ஸ்டென்ட் ஒன்றால் புது வாசல் திறப்பது. வுல்ஃப்லர் தைத்த அதே மாற்றுவழிதான், வயிற்றைத் திறக்காமல். ஹாங்காங்கின் அந்தோணி தியோ தலைமையில் இந்தியா உட்படப் பல நாடுகளில் 97 பேரிடம் செய்த சோதனை 2024இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் புது முறையில் 4 விழுக்காடு, பழைய ஸ்டென்ட்டில் 29 விழுக்காடு. இதைச் செய்யத் தனிப் பயிற்சி வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தாது.

மலக்குடலுக்கு முன்னே படிந்த புற்று கீழ்க்குடலை நசுக்கினால், ஆசனவாய் வழியாகவும் ஸ்டென்ட் வைக்கலாம். குடலிலேயே பிறந்த புற்றுக்கு அது தரும் பலனைவிட, வெளியிலிருந்து நசுக்கும் புற்றுக்குத் தரும் பலன் குறைவு. ஆசனவாய்க்கு மிக அருகில் வைத்தால் மலம் கழிக்க ஓயாத உந்துதலும் வலியும் வரும். அங்கே வயிற்றில் வாசல் வைத்துப் பையில் மலத்தை இறக்குவதே தேவலை.

அடைப்பு பல இடங்களில் என்று தெரிந்துவிட்டால் ஸ்டென்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். “அப்படியென்றால் கைவிட்டுவிட்டீர்களா?” என்று கேட்பார்கள். இல்லை. 1985இல் லண்டன் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸின் மேரி பெய்ன்ஸும் உடன் பணியாற்றியவர்களும், இத்தகையவர்களை அறுவையும் மூக்குக் குழாயும் டிரிப்பும் இல்லாமல் மருந்தாலேயே பெருமளவு ஆறுதலாக வைத்திருக்க முடியும் என்று காட்டினார்கள். வலிக்கு மார்பின், குமட்டலுக்கு ஹாலோபெரிடால், குடல் முறுக்கலையும் சுரப்பையும் குறைக்க ஹையோசின், புற்றைச் சுற்றிய வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெத்தசோன். வாயால் கொடுத்தால் வாந்தியோடு போய்விடும் என்பதால் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து, சிறு பம்ப் வழியாக நாள் முழுக்கச் செலுத்துவார்கள். ஒரு மருந்து மட்டும் எச்சரிக்கை: குடலை வேகமாக அசைக்கும் மெட்டோகுளோப்ரமைடு, முழு அடைப்பு உள்ளவருக்கு முறுக்கு வலியைக் கூட்டிவிடும். விலை கூடிய ஆக்ட்ரியோடைடு சுரப்பைக் குறைக்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. 2015இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் வாந்தியில்லாத நாள்களின் எண்ணிக்கையை அது கூட்டவில்லை.

மருந்துக்கும் அடங்காத வாந்திக்கு, வயிற்றுச் சுவர் வழியே இரைப்பைக்குள் ஒரு வடிகுழாய் வைப்பதுண்டு. மூக்கிலிருந்து குழாய் போய்விடும். கண்ணாடியில் முகம் பார்க்கலாம். ஆசைப்பட்டால் தேநீரும் ரசமும் குடிக்கலாம். நாக்கில் சுவை நிற்கும், பிறகு குழாய் வழியாகப் பையில் இறங்கிவிடும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. வாரக்கணக்கில் எச்சிலைத் தவிர வேறு சுவை அறியாதவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது படுக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் இவையெல்லாம் எங்கே கிடைக்கும்? 2006இல் திறக்கப்பட்ட அம்பாங் மருத்துவமனை இரத்த நோய்களுக்கான தேசிய மையமாகப் பெயர் பெற்றது. ஆனால் குடல் ஸ்டென்ட் வைக்கும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. தேவைப்பட்டால் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளுக்கு 3 ரிங்கிட்தான். ஆனால் ஸ்டென்ட் போன்ற பொருளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கட்ட வேண்டியிருந்தால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். அந்தப் பிரிவு இருப்பதே அதற்குத்தான்.

மலேசியாவில் மருத்துவமனைக்குள் நோய்த்தணிப்புப் பிரிவு முதலில் தொடங்கியது தலைநகரில் இல்லை. 1995இல் கோத்தா கினபாலு குவீன் எலிசபெத் மருத்துவமனையில். பிறகு செலாயாங் இதற்கு முக்கிய மையமாக வளர்ந்தது. 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புக் கொள்கையும் வெளிவந்திருக்கிறது. அம்பாங்குக்குப் பக்கத்திலேயே, செராஸில், 1991இல் தொடங்கிய ஹாஸ்பிஸ் மலேசியா இருக்கிறது. அதன் மருத்துவர்களும் தாதியரும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வீடு தேடி வருகிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை. அவர்களைக் கூப்பிட்டால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்று நம் வீடுகளில் ஓர் அச்சம். கடைசி மூன்று நாளில் கூப்பிடுகிறார்கள். ஸ்டென்ட் வைக்கும் பேச்சு எழுந்த அன்றே கூப்பிட்டிருந்தால், மறுபடி வாந்தி தொடங்கிய இரவில் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்திருக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், மனசு விட்டுவிடுவார்.” அன்பால் சொல்வதுதான். ஆனால் ஸ்டென்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாதவர், வைத்த பிறகும் உடம்பு தேறாதபோது தன்மேலேயே சந்தேகப்படுகிறார்: நான் சரியாகச் சாப்பிடவில்லையோ, முயற்சி போதவில்லையோ என்று. அமெரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, குடல் அடைப்புக்கு அறுவையும் மருந்தும் தரும் பலனை எதைக் கொண்டு அளந்தது தெரியுமா? முதல் 91 நாளில் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு இருந்த நாள்களைக் கொண்டு. இரண்டு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த நாள்கள் யாருடையவையோ அவரைக் கேட்காமல், அவற்றை வார்டில் கழிப்பதா வீட்டில் கழிப்பதா என்று மற்றவர்கள் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரின் சமையலறைக்கு வருவோம். முதல் நாள் தண்ணீர், மைலோ, வடித்த சூப். பிறகு கஞ்சி, குழைய வேகவைத்த சோற்றில் ரசம், சாம்பாரில் ஊறி உடைந்த இட்லி, மசித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், பழுத்த பப்பாளி, தயிர். நாருள்ளவைதான் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும்: முருங்கைக்காய், கங்கோங் தண்டு, நீட்டுப் பயற்றங்காய், அன்னாசி, ஆரஞ்சுச் சுளையின் தோல், சோளம், கச்சான், தேங்காய்த் துருவல், இறைச்சித் துண்டு. ரொட்டி சானாயும் மென்மையான வெள்ளை ரொட்டியும் வாயில் உருண்டையாகத் திரண்டு மாட்டிக்கொள்ளக்கூடியவை. ஆசைக்கு வேண்டுமானால் குழம்பில் நன்றாக ஊறவிட்டுச் சிறிது சிறிதாக. நாளுக்கு மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஆறு சிறு வேளை. உட்கார்ந்தபடி மென்று விழுங்கி, உடனே படுக்காமல் சிறிது நேரம் நிமிர்ந்திருப்பது. “இன்னும் ஒரு வாய்” என்று ஊட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் இது.

வாந்தி மெல்ல மெல்லத் திரும்பினால் பெரும்பாலும் உணவு சிக்கியிருக்கும், அல்லது புற்று வலைக்குள் வளர்ந்திருக்கும். சிக்கிய உணவை எண்டோஸ்கோப்பியால் எடுத்துவிடலாம். உள்ளே வளர்ந்த புற்றுக்குப் பழைய ஸ்டென்ட்டுக்குள்ளேயே இன்னொன்றை வைப்பார்கள், உடம்பு தாங்கும் நிலையில் இருந்தால். கண் மஞ்சளாகிக் குளிர்காய்ச்சல் வந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிறு திடீரென்று கத்தியால் குத்தியதுபோல் வலித்துப் பலகையாக இறுகினால் குடலில் துளை விழுந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி, அதன் நீள அகலம், எந்த இடத்தில் வைத்தது என்று எழுதிய சீட்டை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு முதலில் கேட்கப்படுவது அதுதான்.